ஹாலில் இருந்த போன்

2020 ஊரடங்கின்போது சன் டிவியில் 'மெட்டி ஒலி'யை மறுபடி போட்டார்கள். திருவான்மியூர் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அம்மா சோபாவில் உட்கார்ந்து, மடியில் கீரைத் தட்டை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்ந்துகொண்டிருந்த கை திடீரென்று நின்றது.

"இவங்களா சரோஜாவோட மாமியார்? நான் வேற மாதிரி நெனச்சிருந்தேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. 2002இலிருந்து 2005 வரை ஓடிய தொடர் அது. அம்மா ஒருநாளும் தவறவிட்டதில்லை. கதை முழுக்கத் தெரியும். அடுத்த வசனம் என்ன என்று பாத்திரம் வாய் திறக்குமுன் சொல்வார். ஆனால் பாதிப் பேருக்கு முகம் தெரியவில்லை. சிதம்பரத்தின் வீட்டு வாசல் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. மூன்று வருடம் பார்த்த தொடரை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறாரா என்று கேட்டேன்.

"அப்ப நான் எங்கடி பார்த்தேன்? தோசை ஊத்திட்டு இருந்தேன்."

எங்கள் வீடு மருந்தீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் மாடியில் இருக்கிறது. கதவைத் திறந்தால் ஹால். எதிர்ச் சுவரில் ஷோகேஸ், அதற்குள் டிவி. அதை ஒட்டி ஒரு முக்காலியில் போன், அதன்மேல் அம்மா போட்ட குரோஷா துணி. சமையலறை இடப்பக்கம், ஒரு வளைவைத் தாண்டி. அடுப்படியில் நின்று எட்டிப் பார்த்தால் டிவியின் பக்கவாட்டுப் பிளாஸ்டிக் தெரியும். திரை தெரியாது. இருபது வருடமாக அந்த வீட்டில் இருந்திருக்கிறேன். இது என் கண்ணில் பட்டதேயில்லை.

என் வயதுக்காரர்கள் நாலுபேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. வீட்டுக்கு ஒரு டிவி, ஒரு போன். எல்லோரும் சேர்ந்து பார்த்தோம், சேர்ந்து சிரித்தோம், ஒரு போன் வந்தால் வீடே ஓடிவரும். இப்போது ஆளுக்கொரு திரை, பக்கத்தில் இருப்பவரோடு பேச்சில்லை. இதை ஆண்கள்தான் சொல்கிறார்கள் என்று எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும். உண்மை அதுவல்ல. பெண்களும் சொல்கிறார்கள், நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் யார் சொன்னாலும் ஒரு விவரம் விட்டுப்போகிறது. அந்த டிவியும் போனும் வீட்டில் எங்கே இருந்தன, அந்த இடத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் அது.

பழைய வீடுகளில் திண்ணை ஆண்களுக்கு, அடுப்படி பெண்களுக்கு, நடுவே கூடம் கொஞ்சம் பொதுவாக இருந்தது. சென்னையின் அடுக்குமாடிகள் திண்ணையையும் கூடத்தையும் ஒன்றாக்கி ஹால் என்று பெயர் வைத்தன. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' 1988இல் தொகுப்பாக வந்தது. ராஜஸ்தானில் ஒரு பெரிய குடும்பம்; அந்த வீட்டில் சமையலறை எங்கே இருக்கிறது என்பதிலிருந்தே அங்குள்ள பெண்களின் வாழ்க்கையைப் படித்துக்காட்டும் கதை. நம் தொலைக்காட்சியின் வரலாற்றையும் யாராவது அப்படி, வீட்டின் வரைபடத்திலிருந்து எழுத வேண்டும்.

தொடர்களின் இரைச்சலை நாம் நிறையக் கேலி செய்திருக்கிறோம். ஒரு அதிர்ச்சி என்றால் மூன்று முறை இடி இடிக்கும். நல்லவள் வந்தால் ஓர் இசை, கெட்டவள் வந்தால் ஓர் இசை. பாத்திரங்கள் மனதில் நினைப்பதையெல்லாம் உரக்கச் சொல்லிக்கொள்ளும். நேற்று நடந்ததை இன்று இன்னொருவரிடம் முழுக்கச் சொல்லும். சோபாவில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது சகிக்கவில்லை. ஆனால் ஊரடங்கில் ஒருநாள் நான் அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் விட்டுப்போகவில்லை. குக்கர் விசில் விழுங்கிய வசனம் ஐந்து நிமிடத்தில் இன்னொரு வாய்வழியாகத் திரும்ப வந்தது. இசையை வைத்தே உள்ளே வந்தது யார் என்று சொல்ல முடிந்தது. அந்தக் காலத் தொடர்கள் காதுக்கென்றே செய்தவை என்று எனக்குத் தோன்றுகிறது. அவை ஒருவகை வானொலி நாடகம். படம் என்பது ஹாலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கிடைத்த உபரி.

தானியா மோட்லெஸ்கி 1982இல் அமெரிக்கத் தொடர்களைப் பற்றி எழுதியபோது, அவற்றின் துண்டு துண்டான, திரும்பத் திரும்பச் சொல்லும் வடிவம் வீட்டுவேலையின் தாளத்தோடு பொருந்துகிறது என்றார். நம் ஊருக்கு அது பாதிதான் பொருந்தும். அவர் சொன்னது பகல்நேரத் தொடர்கள், ஆண்கள் வெளியே போயிருக்கும் நேரம். நம் ஊரில் பகலிலும் தொடர்கள் உண்டு, ஆனால் ஊரே பேசியவை இரவில் வந்தவை. இரவுச் சாப்பாட்டு நேரம். குடும்பம் மொத்தமும் வீட்டில், குடும்பம் மொத்தத்துக்கும் பசி. பூர்ணிமா மங்கேகர் டெல்லியில் தூர்தர்ஷன் பார்த்த குடும்பங்களிடையே இருந்து ஆய்வு செய்து 1999இல் ஒரு நூல் எழுதினார். பெண்கள் தொலைக்காட்சி பார்ப்பதை அவர்களுடைய வேலையிலிருந்து பிரித்துப் பேச முடியாது என்று அதைப் படித்தபோது அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். நான் அடிக்கோடு போட்ட மேசைக்கு மூன்றடி தள்ளித்தான் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

1999 டிசம்பரில் 'சித்தி' தொடங்கியபோது அந்த அரைமணி நேரம் ரிமோட் அம்மாவுடையது என்று வீட்டில் ஒப்புக்கொள்ளப்பட்டது. அது சின்ன விஷயமல்ல. கிரிக்கெட்டும் செய்தியும் அதுவரை யாருக்கும் வழிவிட்டதில்லை. மாற்றாந்தாய்க்கும் அம்மாவின் தங்கைக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில், அந்தச் சொல்லையே தலைப்பாக்கி, மாற்றாந்தாயை நல்லவளாக்கிக் காட்டிய தொடர். நடித்த ராதிகாதான் தயாரித்த ராடான் நிறுவனத்தையும் நடத்தினார். சினிமா அக்கா வேடத்துக்கு அனுப்பிவிடும் வயதில் ஒரு பெண், தினம் இரவு ஹாலின் நடுவில். இதெல்லாம் நடந்தது. ரிமோட் மட்டும் அம்மாவுடையதாக இருந்தது, அம்மா ரிமோட் பக்கத்தில் இல்லை. அப்பா சீரியல் பார்க்கமாட்டார் என்பது வீட்டின் அதிகாரபூர்வ நிலைப்பாடு. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு பார்ப்பார். விளம்பரம் வரும்போது, "சட்னி கெட்டியா இருக்கு" என்பார்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். பாத்திரம் தேய்க்க வந்த அக்கா சில நாள் மாலை தாமதமாக வந்து, வேலை முடிந்தபின் தொடர் முடியும்வரை இருந்துவிட்டுப் போவார். குப்பத்தில் அவர் வீட்டில் அப்போது டிவி இல்லை. ஹாலின் நிலைப்படியில், ஒரு கால் வெளியே ஒரு கால் உள்ளே என்று உட்கார்வார். உள்ளே வந்து உட்காரச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. 'எல்லோரும் சேர்ந்து பார்த்தோம்' என்கிற வாக்கியத்தில் அவர் இருக்கிறாரா இல்லையா? 2006இல் அரசு இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கியபோது என் நண்பர்கள் பலர் அதைக் கிண்டல் செய்தார்கள். அதற்குப் பிறகு அவர் எங்கள் நிலைப்படியில் உட்காரவில்லை என்பது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

இனி போன். 2000இல் நான் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். வீட்டில் மணி அடித்தால் நான் எடுக்கக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. காரணம் பேசாத அழைப்புகள். எடுத்தால் எதிர்முனையில் மூச்சு மட்டும் கேட்கும், பிறகு வைத்துவிடுவார்கள். மாலை ஆறிலிருந்து ஏழுக்குள் மூன்று தடவையாவது வரும். யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டில் வயசுப்பெண் நான் ஒருத்திதான் என்பதால், மூச்சு விட்டவனைப் பற்றிய விசாரணை என்னிடம் நடந்தது. "உனக்குத் தெரியாம அவனுக்கு எப்படி நம்பர் கெடைச்சுது?" என்றார் அப்பா. டெலிபோன் டைரக்டரியில் அப்பாவின் பெயரும் எண்ணும் முகவரியும் அச்சாகியிருந்தன. அதைச் சொல்ல எனக்கு அன்று தோன்றவில்லை.

அதே ஹாலில், வாரம் ஒருமுறை, 'பெப்சி உங்கள் சாய்ஸ்' ஓடும். பட்டுச் சேலையில் உமா சிரித்தபடி போனை எடுப்பார். முன்பின் தெரியாத ஆண்கள் மாதக்கணக்காக முயன்று லைன் கிடைத்ததாகச் சொல்லி, குரல் தழுதழுக்க, சேலை நன்றாக இருக்கிறது என்பார்கள். அவர் அதே சிரிப்போடு நன்றி சொல்லி, என்ன பாட்டு வேண்டும் என்று கேட்பார். என்ன ஒரு பொறுமை என்று அப்பா வியப்பார். இப்போது அந்த நிகழ்ச்சியை நினைத்து உருகுபவர்கள் அந்தப் பணிவையும் இனிமையையும்தான் சொல்கிறார்கள். அவர் தன் வேலையை அசாத்தியமாகச் செய்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எந்தக் குரல் எங்கே வழுக்கப் போகிறது என்று முன்பே உணர்ந்து, முகம் மாறாமல் பேச்சைப் பாட்டுக்குத் திருப்பிவிடுவது ஒரு கலை. அந்தக் கலை எதற்காகத் தேவைப்பட்டது என்பதைத்தான் நாம் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் ஊரிலுள்ள எல்லா ஆண்களோடும் சிரித்துப் பேசலாம். முக்காலிக்கு இந்தப் பக்கம் இருந்தவள் தானாக அடிக்கும் மணியைக்கூட எடுக்க முடியாது.

அந்தக் காலம் பெண்களுக்குப் பாதுகாப்பானது என்றும் சொல்கிறார்கள். 1998 ஜூலையில், இதே சென்னையில், ஆட்டோவில் வந்த ஆண்களின் சீண்டலில் கீழே விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார் கல்லூரி மாணவி சரிகா ஷா. அதற்குப் பிறகுதான் 'ஈவ் டீசிங்' தடைச் சட்டம் வந்தது. நாங்கள் கல்லூரிக்குப் போனது அந்தச் சாவின் நிழலில். அதனால் வீட்டில் கெடுபிடி கூடியது, அதுவும் எங்கள் மேல்தான் கூடியது.

எஸ்.டி.டி. பூத்தைப் பற்றி எவ்வளவு உருக்கம்! மஞ்சள் பலகை, கண்ணாடிக் கூண்டு, மேலே ஓடும் சிவப்பு எண்கள். தொண்ணூறுகளில் இரவு ஏற ஏறக் கட்டணம் இறங்கும். பதினோரு மணிக்கு மேல் கால்பங்கு. ஜெயந்தி தியேட்டர் சிக்னல் பக்கம் அந்த நேரத்தில் வரிசை நிற்கும் என்று என் அண்ணன் இன்றும் ஆசையாகச் சொல்வான். வரிசையில் நின்றுகொண்டே டீ குடித்தது, முன்னால் நிற்பவன் காதலியிடம் கெஞ்சுவதைக் கேட்டுச் சிரித்தது. அந்த வரிசையில் பெண்கள் இருந்தார்களா என்று ஒருமுறை கேட்டேன். யோசித்துப் பார்த்து, "அந்த நேரத்துல எப்படி வருவாங்க?" என்றான். அரசாங்கம் எல்லோருக்குமாக அறிவித்த கால்பங்குக் கட்டணம் நடைமுறையில் ஆண்களுக்கான கட்டணமாகிவிட்டது. திருமணமாகி வெளியூர் போன பெண்கள் அம்மாவோடு பேச வேண்டுமென்றால் பகலில், முழுக்கட்டணத்தில், மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள். நம் அம்மாக்களுக்கு இன்றும் போனில் நின்று நிதானமாகப் பேச வருவதில்லை. நலமா, சாப்பிட்டாயா, வைக்கிறேன். அந்தச் சிவப்பு எண்கள் இன்னும் அவர்கள் தலைக்குமேல் ஓடிக்கொண்டிருக்கின்றன.

2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். சில வருடத்தில் எங்கள் மாடிவீட்டுப் பெண் அந்தப் பக்கம் ஒரு கால் சென்டரில் சேர்ந்தாள். ராத்திரி முழுக்க வேறொரு பெயரில் அமெரிக்கர்களோடு பேசிவிட்டு, விடியற்காலை வேனில் வந்து இறங்குவாள். அவள் வீட்டில் போனுக்கு எஸ்.டி.டி. லாக் போட்டிருந்தார்கள், எண் அவள் அப்பாவுக்கு மட்டும் தெரியும். எங்கள் வீட்டில் காலர் ஐ.டி. பெட்டி வந்ததும் அதே சமயத்தில்தான். மூச்சு விட்டவன் ஒரு ரூபாய் காயின் பாக்ஸிலிருந்து பேசியவன் என்று தெரிந்தது. எனக்குச் சாட்சி கிடைத்தது என்று மகிழ்ந்தேன். அடுத்த வாரமே என் வகுப்புத் தோழன் ஒருவன் நோட்ஸ் கேட்டுப் பேசிய நேரம், நிமிடம் எல்லாவற்றுக்கும் அதே பெட்டி சாட்சி சொன்னது.

மிஸ்டு கால் ஒன்றைத்தான் நான் மனதார நினைத்து ஏங்குவேன். 2003 வரை கைபேசியில் வருகிற அழைப்புக்கும் காசு. மணி அடித்து நிறுத்தினால் காசில்லை. ஒரு மணி என்றால் ஹாஸ்டலுக்கு வந்து சேர்ந்தாயிற்று, இரண்டு என்றால் கூப்பிடு. கைபேசி வருவதற்கு முன்பே அம்மாவும் பெரம்பூர்ச் சித்தியும் லேண்ட்லைனில் இதைச் செய்துகொண்டிருந்தார்கள். பகல் இரண்டு மணிக்கு இரண்டு மணி அடித்து நிற்கும். பிறகு அம்மா கூப்பிடுவார். டெலிபோன் பில்லில் எஸ்.டி.டி. அழைப்புகளுக்கு எண்வாரியாகக் கணக்கு வரும். லோக்கல் அழைப்புகள் மொத்த எண்ணிக்கையாக மட்டும் வரும். யார், எப்போது, எவ்வளவு நேரம் என்று எதுவும் இருக்காது. அப்பா பில்லை விரலால் வருடிப் படிப்பார். அந்த மொத்த எண்ணுக்குள் அம்மாவின் பகல் இரண்டு மணி முழுவதும் பத்திரமாக இருந்தது.

என்ன பேசினார்கள்? நான் வீட்டிலிருந்த நாட்களில் காதில் விழுந்ததெல்லாம் சீரியல். "சரோஜாவுக்கு இன்னைக்கு எப்படி?" என்று அம்மா கேட்பார். பிறகு வெகுநேரம் உம் கொட்டுவார். "ஐயோ, ரெண்டு நாளாவா?" என்பார். நான் அப்போது முதுகலை மாணவி. பெண்ணைப் பொறுத்துப்போகச் சொல்லும் கதைகள் என்று இந்தத் தொடர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வகுப்பில் பாராட்டு வாங்கியிருந்தேன். சொந்த வீட்டு ஹாலில் அம்மா ஒரு கற்பனைப் பெண்ணுக்காகக் கண் கலங்குவதைப் பார்த்து, உண்மையாகச் சொல்கிறேன், வெட்கப்பட்டேன்.

ஊரடங்கில், கீரை ஆய்ந்துகொண்டே, அம்மா சொன்னார். சித்தப்பா அடிப்பார். சித்தி வீட்டிலும் போன் ஹாலில்தான். அவள் மாமியார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எங்கள் வீட்டிலோ நான். அதனால் இருவரும் சரோஜாவைப் பற்றிப் பேசினார்கள். மாணிக்கம் என்றால் சித்தப்பா. மாமியார் என்றால் மாமியாரேதான். முந்தைய இரவு தொடரில் நடந்ததும் சித்தி வீட்டில் நடந்ததும் சில நாள் ஒன்றாகவே இருக்குமாம். சில நாள் மாறும். தொடரில் இல்லாததை சித்தி சொல்லும்போதுதான் அம்மாவுக்கு விஷயம் புரியும். தொடரை ஒருநாள்கூட விடாமல் கேட்டது அதற்காகத்தான். கதை தெரியாவிட்டால் தங்கை எங்கே கதையை விட்டு விலகுகிறாள் என்று எப்படித் தெரியும்?

என் கட்டுரையை நான் முழுவதும் திரும்பப் பெற்றுக்கொள்ள மாட்டேன். 'மெட்டி ஒலி' ஐந்து மகள்களைப் பெற்ற தகப்பனின் கண்ணீர்க்கதை. துன்பத்தின் கணக்கு முழுவதும் தகப்பன் மனதில் எவ்வளவு பாரம் ஏறுகிறது என்பதில்தான் எழுதப்படுகிறது. சரோஜா அடி வாங்கினால் சிதம்பரத்தின் முகத்தைக் காட்டுவார்கள். அந்த வீட்டை விட்டு அவள் வெளியே வரலாம் என்பது ஒரு யோசனையாகக்கூட நிற்பதில்லை. யார் வந்து யாரைச் சமாதானப்படுத்துவார்கள் என்பதே எதிர்பார்ப்பு. பேசுவதற்கு ஒரு மொழியை அந்தத் தொடர் என் சித்திக்குக் கொடுத்தது. அந்த மொழியில் வெளியேறுவது என்பதற்குச் சொல் இல்லை.

2003 முடியும் நேரத்தில் 'கோலங்கள்' வந்தது. 'காதல் கோட்டை'யில் முகம் பார்க்காதவனுக்குக் கடிதம் எழுதிக் காத்திருந்த தேவயானி, இதில் அபி. கட்டுமானத் தொழில் நடத்துகிறவள், பணத்தாசை பிடித்த கணவனைப் பிரிகிறவள். தமிழ்த் தொடர்களில் அது பெரிய நகர்வு. எங்கள் வகுப்பில் நாங்கள் அபியைக் கொஞ்சம் மதித்தோம். அம்மாவும் உற்சாகமாகி, இனிமேல் அபியைப் பற்றிப் பேசலாம் என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறார். சித்தி சிரித்தாளாம். "அபிக்குக் கம்பெனி இருக்குக்கா." அதற்குமேல் அன்று பேசவில்லையாம். தொடர் 2009 வரை ஓடியது. சித்தி பெரம்பூரிலேயே இருந்தாள்.

இதைக் கேட்டபின் எனக்கு அந்தக் காலத்தின்மேல் வந்த கோபத்தில், அம்மாவுக்கும் அது கசக்கும் என்று நினைத்தேன். கசக்கவில்லை. அந்த நாட்கள் மாதிரி வராது என்றுதான் அம்மாவும் சொல்கிறார். "அப்ப அவ எங்கிட்ட எல்லாம் சொல்லுவா. இப்ப தினம் குட் மார்னிங் அனுப்புறா, பூ படம் போட்டு." சித்தியிடம் இப்போது சொந்தமாகக் கைபேசி இருக்கிறது, பக்கத்து நாற்காலி காலியாகிப் பத்து வருடம் ஆகிறது, பேசக் காசில்லை. அம்மா ஏங்குவது ஒரு டிவிக்காகவோ ஒரு போனுக்காகவோ அல்ல என்று எனக்குப் புரிகிறது. ஆனால் அதை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று என்னால் முடிவுசெய்ய முடியவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா சித்தியை வீடியோவில் கூப்பிட்டார். சித்தி கைபேசியை அடுப்படி அலமாரியில் சாய்த்து வைத்திருந்தாள். முகம் கொஞ்சமும், பின்னால் எவர்சில்வர் டப்பாக்கள் நிறையவும் தெரிந்தன. அவள் வீட்டு ஹாலிலிருந்து செய்தி வாசிக்கும் சத்தம் பெரிதாகக் கேட்டது. சித்தப்பா வீட்டிலேயேதான் இருக்கிறார், ஊரடங்கு.

"மெட்டி ஒலி திரும்பப் போடுறான்டி," என்றார் அம்மா, குரல் முழுக்கச் சந்தோஷத்தோடு. "சரோஜா மாமியாரை நான் இப்பத்தான் பார்க்கிறேன். நீயும் போட்டுப் பாரு."

சித்தி கரண்டியை வைத்துவிட்டு ஒருதரம் ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு வேணாம்க்கா. நீ பாரு."